பழைய கட்டுரையில் எழுதாத குணம்: காப்புரிமைக் கேள்வி பதில்

கேள்வி: மாங்கொட்டைப் பருப்புப் பொடி சீக்கிரம் காறாமல் இருக்க ஒரு முறை கண்டுபிடித்து விண்ணப்பித்தேன். விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் எக்ஸாமினர் ஒரு பழைய கட்டுரையைக் காட்டி, 'இந்தப் பொடியும் காறாது' என்கிறார். கட்டுரையில் அப்படி ஒரு வரிகூட இல்லையே? (பர்கூர்)

பதில்: எழுதியிருக்க வேண்டியதில்லை. அதில் சொன்னபடி செய்தால் ஒவ்வொரு தடவையும் அதே குணம் வந்தே தீரும் என்றால், அது பழசுதான். இதுவரை யாரும் கவனிக்கவில்லை என்ற வாதம் எடுபடாது. நம் சட்டத்தின் 3(டி) பிரிவும், தெரிந்த பொருளில் புதுக் குணத்தைக் கண்டதற்காக மட்டும் காப்புரிமை தராது.

ஆனால் 'வந்தே தீரும்' வேறு, 'வரலாம்' வேறு. நீங்கள் பிடிக்க வேண்டிய இடம் அதுதான். ஒரே லோடு பெங்களூரா மாங்கொட்டையில் பாதியைக் கட்டுரைப்படியும், மீதியை உங்கள் முறையிலும் பொடியாக்குங்கள். இரண்டின் பெராக்சைடு அளவையும் (எண்ணெய்ப் பசை எவ்வளவு காறியது என்று காட்டுவது) ஒரே லேபில், ஒரே நாட்களில் பார்க்கச் சொல்லுங்கள். கட்டுரை சூட்டைச் சொல்லாமல் 'காயவைக்கவும்' என்று விட்டிருந்தால், வெயிலில் ஒன்று, டிரையரில் ஒன்று என இரண்டையும் செய்துவிடுங்கள். தோதானதை மட்டும் காட்டினால் மாட்டிக்கொள்வீர்கள். இதெல்லாம் புதுமை பற்றிய ஆட்சேபத்துக்குத்தான். 'எவருக்கும் தோன்றக்கூடியதே' என்ற ஆட்சேபத்துக்குத் தனிப் பதில் வேண்டும்.

கேள்வி: அமெரிக்காவில் அப்பீல் போட்டபின் பரிசோதனை முடிவைக் கொடுக்கலாமா? (ஓசூர்)

பதில்: முன்பே கொடுத்துவிடுங்கள். அப்பீல் நோட்டீஸ் போட்டபின் புது ஆதாரத்தை உள்ளே நுழைப்பது பெரும்பாடு. எக்ஸாமினர் 'பழைய பொருளிலும் அந்தக் குணம் இருக்கக்கூடும்' என்ற அளவில் எழுதியிருந்தால் அமெரிக்க நீதிமன்றத்தின் 1999ஆம் ஆண்டு ராபர்ட்சன் தீர்ப்பு கைகொடுக்கும். வெறும் சாத்தியம் போதாது என்கிறது அது. அதே சமயம் அங்கேயே 1977ஆம் ஆண்டு பெஸ்ட் தீர்ப்பும் இருக்கிறது. இரண்டு பொருளும் ஒன்றுதான் என்று நினைக்க எக்ஸாமினர் நியாயமான காரணம் காட்டிவிட்டால், வேறு என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில். காப்புரிமை அலுவலகம் பொருளைச் செய்து பார்க்க வழியில்லையே! வக்கீலின் வாதம் ஆதாரமாகாது. பரிசோதனை செய்தவரே அஃபிடவிட் தரட்டும்.

கேள்வி: இங்கே இந்தியாவில், முடிவெடுக்கும் காப்புரிமை அதிகாரியான கன்ட்ரோலர் விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டால்? (தர்மபுரி)

பதில்: 3 மாதத்துக்குள் சென்னை உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய வேண்டும். பழைய மேல்முறையீட்டு வாரியத்தை 2021இலேயே கலைத்துவிட்டார்கள். அந்தக் குணம் ஏன் வந்தே தீரும் என்று உத்தரவில் காரணம் இருக்கிறதா பாருங்கள். காரணமில்லாத உத்தரவை ரத்து செய்து மறுபடி விசாரிக்கச் சொல்வதுண்டு. அப்போது திரும்பவும் சென்னை கிண்டியில் உள்ள காப்புரிமை ஆபீஸ்தான். லேப் ரிப்போர்ட்டை அங்கேயும் கேட்பார்கள்.