வெயில்காலப் பயணத்துக்கு லேசான டவுன் ஸ்லீப்பிங் பேக்: கேள்வி பதில்

மதுரை: மே மாதம் கொடைக்கானலில் இரண்டு இரவு கூடாரத்தில் தங்குகிறோம். 800 ஃபில் பவர் பேக் ஒன்று, 650 ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். 800தானே அதிகச் சூடு?

அப்படிச் சொல்ல முடியாது. டவுன் என்பது வாத்தின் மென்மையான அடித்தூவி; ஃபில் பவர் என்பது அதன் தரம். உள்ளே எவ்வளவு இருக்கிறது என்பதை அது சொல்லாது. 800 என்றால் ஒரு அவுன்ஸ், அதாவது சுமார் 28 கிராம் டவுன், உப்பி 800 கன அங்குலத்தை நிரப்பும். ஏறத்தாழ 13 லிட்டர். பேக்கில் எத்தனை கிராம் அடைத்திருக்கிறார்கள் என்று பார்த்துப் பெருக்குங்கள். 180 கிராம் × 800 = 1,44,000. 260 கிராம் × 650 = 1,69,000. பேக்கின் அளவும் தையலும் ஒன்றுபோல இருந்தால் விலை குறைந்த 650தான் கூடுதல் சூடு. 800க்குக் கொடுக்கும் காசு எடை குறைவதற்கும் சின்னதாகச் சுருங்குவதற்கும்.

கடையில் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: "டவுன் மட்டும் எத்தனை கிராம்?" மொத்த எடையைச் சொல்வார்கள். அது துணி, ஜிப் எல்லாம் சேர்ந்தது, விடாதீர்கள்.

கொடைக்கானலில் மே மாத இரவு பெரும்பாலும் 12, 13 டிகிரி. 800 தரத்தில் 200 முதல் 250 கிராம் டவுன் போதும். மொத்த பேக் 500, 600 கிராமுக்குள் அடங்கும்.

கோவை: லேபிளில் கம்ஃபர்ட் 9, லிமிட் 5, எக்ஸ்ட்ரீம் மைனஸ் 8 என்று மூன்று எண். எதை நம்ப?

கம்ஃபர்ட்டை, அதுதான் நிம்மதியாகத் தூங்கக்கூடிய குளிர். லிமிட் என்பது ஆண் ஒருவர் சுருண்டு படுத்துச் சமாளிக்கும் எல்லை. எக்ஸ்ட்ரீம் உயிர் தப்பும் கணக்கு, வாங்கும்போது அதைக் கண்ணில் படாததாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஸ்லீப்பிங் பேக்குக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 23537 சோதனையில் பொம்மைக்கு முழுக்கை உள்ளாடை மாட்டி, அடியில் விரிக்கும் மேட் மேல் கிடத்தித்தான் அளக்கிறார்கள். வெறும் தரையில் பனியனோடு படுத்தால் அந்த எண் உங்களுக்குப் பொருந்தாது.

ஈரோடு: அப்படியானால் மேட் கட்டாயமா?

ஆமாம். முதுகுக்கு அடியில் டவுன் நசுங்கிவிடும், சூடு தராது. ஆர் வேல்யூ, அதாவது தரையின் குளிரை மேட் தடுக்கும் அளவு, 2 இருந்தால் இந்தப் பருவத்துக்குச் சரி.

திருச்சி: உடம்போடு ஒட்டி, கால்பக்கம் குறுகும் மம்மி வடிவப் பேக்கில் வேர்த்துக் கொட்டுகிறது. மாற்று?

கால்வரை முழு ஜிப், இரண்டு பக்கமும் ஓடும் ஸ்லைடர் உள்ளதாகப் பாருங்கள். கால்பக்கம் மட்டும் திறந்துவிட்டாலே பாதிப் புழுக்கம் போகும். முழுக்கத் திறந்தால் போர்வை. இன்னொரு வழி குவில்ட், அதாவது மேலே போர்த்திக்கொள்ளும் டவுன் போர்வை. நசுங்கிக் கிடக்கப்போகிற அடிப்பாகமும் தலைமூடியும் இல்லாததால் எடை குறைகிறது. ஆனால் புரண்டு படுப்பவர் அகலமானதை எடுக்க வேண்டும், மேட்டோடு கட்டும் பட்டியும் வேண்டும். இல்லாவிட்டால் பக்கவாட்டில் காற்று நுழையும். மேல்துணியையும் உள்துணியையும் சேர்த்து ஒரே தையலாகப் போட்டிருந்தால் தையல் கோட்டில் குளிர் இறங்கும் என்று பயமுறுத்துவார்கள். பனிமலைக்கு அது உண்மை. 10 டிகிரிக்கு அந்தத் தையல் தாராளம், விலையும் குறைவு.

சென்னை: 700 ஃபில் பவர் எத்தனை டிகிரி தாங்கும்?

மதுரைக்காரருக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள். கிராம் தெரியாமல் டிகிரி சொல்ல முடியாது.

நாகர்கோவில்: மேற்குத் தொடர்ச்சி மலைக்கு டவுன் வாங்குவதே வீண். மூடுபனியில் நனைந்து கட்டி தட்டிவிடும். செயற்கை இழை அடைத்த சிந்தெடிக் பேக்தான் சரி.

பாதி சரி. முழுக்க நனைந்த டவுன் உப்பாது, சூடும் தராது. ஆனால் மூடுபனி மட்டும் அந்தக் கதிக்கு ஆளாக்காது. வில்லன் கூடாரச் சுவர்: உள்பக்கம் நீர் கோத்திருக்கும், கால்மாட்டில் பேக் அதில் உரசிக்கொண்டே கிடக்கும். இரண்டு வாசலையும் கொஞ்சம் திறந்து வையுங்கள். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் படுங்கள். முகத்தை உள்ளே புதைத்து மூச்சுவிடாதீர்கள். மறுநாள் வெயில் வந்ததும் அரைமணி நேரம் விரித்துப் போடுங்கள். இரண்டு இரவுக்கு இதற்கு மேல் கவலை வேண்டாம்.

பெங்களூரு: நாகர்கோவில்காரர் சொல்வதுதான் சரி. ஆகஸ்டில் உத்தராகண்டின் பூக்களின் பள்ளத்தாக்குப் பக்கம் வெயில் எங்கே வரும், காயவைக்க?

வராது. அதனால்தான் பாதி சரி என்றேன். விடாத மழையில் ஐந்தாறு நாள் கூடாரத்தில் என்றால் நானும் சிந்தெடிக்தான் சொல்வேன்; ஈரம் நாளுக்கு நாள் சேரும். ஆனால் அந்தப் பள்ளத்தாக்குக்குள் கூடாரம் போட அனுமதியே இல்லை. பக்கத்துக் கிராமமான கங்காரியாவில் விடுதியில்தானே தங்குவீர்கள்?

நாகர்கோவில்: நீர் ஒட்டாத டவுன் என்று விற்கிறார்களே, அதை எடுத்தால் வாதமே முடிந்ததே?

ஈரம் ஏறுவது தாமதமாகும், சீக்கிரம் காயும். மழைக்கோட்டு ஆகிவிடாது. சிந்தெடிக்கையும் தூக்கிப் பிடிக்காதீர்கள்: அதே சூட்டுக்கு எடை அதிகம், அமுக்கி அமுக்கி வைத்தால் சில வருடத்தில் தொய்ந்துவிடும்.

சென்னை, இன்னொருவர்: 850 என்றால் எத்தனை டிகிரி?

கிராம்.

வேலூர்: ஒரு வயதுக் குழந்தையை என் பேக்குக்குள்ளேயே படுக்கவைக்கலாமா?

கூடாது, முகம் மூடிக்கொள்ளும். மற்றதைக் குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள்.

சேலம்: தையல் வழியாகத் தூவி எட்டிப் பார்க்கிறது. பிடுங்கிவிடவா?

பிடுங்கினால் அதோடு நாலு வரும், ஓட்டையும் பெரிதாகும். எதிர்ப்பக்கத் துணியோடு சேர்த்துக் கிள்ளி உள்ளே இழுத்துவிட்டு, அந்த இடத்தை விரலால் தேய்த்துவிடுங்கள்.

தஞ்சாவூர்: துவைப்பது எப்படி?

அடிக்கடி வேண்டாம், பேக்குக்குள் மெல்லிய பட்டு லைனர், அதாவது உள்ளுறை, போட்டால் வியர்வை அதோடு நின்றுவிடும். துவைக்கத்தான் வேண்டுமென்றால் டவுனுக்கான சோப்பு திரவம், முன்பக்கக் கதவு மெஷின், மென்மையான சுற்று. துணியை மென்மையாக்கும் திரவம் ஊற்றாதீர்கள், முறுக்கிப் பிழியாதீர்கள். ஈரத்தோடு ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினால் உள்தடுப்புகள் கிழியும். இரண்டு கையாலும் அடியில் ஏந்தித் தூக்குங்கள். டிரையரில் குறைந்த சூடு, கூட மூன்று டென்னிஸ் பந்து, மூன்று மணி நேரமாவது ஆகும். டிரையர் இல்லையா? நிழலில் தட்டையாக விரித்து, அடிக்கடி கட்டிகளைக் கையால் உதிர்த்துவிடுங்கள். தொட்டால் காய்ந்தமாதிரி இருக்கும், உள்ளே ஈரம் இருக்கும். ஒரு கட்டி மிச்சமிருந்தாலும் எடுத்து வைக்காதீர்கள், நாற்றம் பிடிக்கும். காய்ந்த பிறகும் அந்தச் சின்ன உறையில் திணித்துப் பரணில் போட வேண்டாம். பெரிய பருத்திப் பையில் தளர்வாகப் போடுங்கள், அல்லது அலமாரியில் தொங்கவிடுங்கள்.

சென்னை, மூன்றாமவர்: 600 ஃபில் பவர்...

கிராமோடு வாருங்கள், பேசுவோம்.