கிராவிட்டிஸ் ரெயின்போ – கடிதம்

அன்புள்ள ஐயா,

கல்லூரியில் புள்ளியியல் கற்பிக்கிறேன். அமெரிக்க எழுத்தாளர் தாமஸ் பின்ச்சனின் ‘கிராவிட்டிஸ் ரெயின்போ’ நாவலை வாங்கி வைத்து வெகுநாளாகிறது. நாற்பது பக்கங்களைத் தாண்ட முடியவில்லை. யார் பேசுகிறார்கள், எங்கே நடக்கிறது, எதுவும் பிடிபடவில்லை. இதைப் படிக்காதவர்கள் பின்நவீனத்துவம் பற்றிப் பேசக்கூடாது என்கிறார் நண்பர் ஒருவர். இந்த நாவலை விளக்கும் துணைநூலை வைத்துக்கொண்டு படிப்பதா, விட்டுவிடுவதா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

முதலில் நண்பரை விட்டுவிடுங்கள். இந்த நாவலைப் படிக்காமலேயே தமிழில் முப்பதாண்டுகளுக்கும் மேலாகப் பின்நவீனத்துவம் பேசிக்கொண்டிருக்கிறோம். குடிமுழுகிவிடவில்லை.

1974இல் அமெரிக்காவின் புலிட்சர் பரிசு நடுவர்கள் ஒருமனதாக இதைப் பரிந்துரைத்தார்கள். படிக்க முடியாதது, ஆபாசமானது என்று மேலிருந்த வாரியம் மறுத்துவிட்டது. அந்த ஆண்டு புனைவுக்குப் பரிசே கிடையாது. வாரியத்தின் முடிவு தவறு, ஆனால் காரணம் பொய்யல்ல. வயதான பிரிகேடியர் ஒருவர் மலம் தின்னும் காட்சி உண்டு. அப்படிப்பட்ட பக்கங்கள் ஒவ்வாது என்றால் இப்போதே மூடிவிடலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆனால் நீங்கள் புள்ளியியல் கற்பிப்பவர். இன்னும் பத்துப் பதினைந்து பக்கங்கள் போயிருந்தால் உங்கள் ஆளைச் சந்தித்திருப்பீர்கள். 1944இன் இறுதி. லண்டன் மீது ஜெர்மனியின் வி-2 ராக்கெட்டுகள் விழுகின்றன. ஒலியைவிட வேகமானவை, முதலில் வெடிக்கும், வரும் சத்தம் பிறகுதான் கேட்கும். ரோஜர் மெக்ஸிகோ என்ற புள்ளியியலாளன் நகரத்தை 576 சதுரங்களாகப் பிரித்து, எந்தெந்தக் கட்டத்தில் எத்தனை விழுந்தன என்று குறித்துவைக்கிறான். தற்செயல் நிகழ்வுகளுக்கான பாய்சான் பரவல் அச்சாகப் பொருந்துகிறது. (லண்டனில் விழுந்த வி-1 பறக்கும் குண்டுகளை வைத்து ஆர்.டி.கிளார்க் 1946இல் வெளியிட்ட கணக்கிலும் இதே 576தான். வகுப்பில் நீங்களே அதைச் சொல்லிக்கொடுத்திருக்கக்கூடும்.) அடுத்தது எங்கே விழும் என்று எல்லோரும் அவனைக் கேட்கிறார்கள். அவனால் சொல்ல முடியாது.

அதே ஊரில் ஸ்லோத்ராப் என்ற அமெரிக்க லெப்டினன்ட், தான் கூடிய பெண்களின் இடங்களை வேறொரு வரைபடத்தில் நட்சத்திரம் ஒட்டிக் குறிக்கிறான். அவன் நட்சத்திரம் ஒட்டிய இடங்களில்தான் சில நாட்கள் கழித்து ராக்கெட் விழுகிறது. எல்லாம் தற்செயல் என்கிறது முதல் வரைபடம். யாரோ எதையோ அறிந்திருக்கிறார்கள் என்கிறது இரண்டாவது. நாவல் இரண்டில் எதையும் கைவிடுவதில்லை. நீங்கள் சொல்லும் அந்தப் பிடிபடாமை இங்கிருந்து வருகிறது. எல்லாவற்றுக்கும் காரணம் இருந்தாக வேண்டும் என்று துடிக்கும் பாயின்ட்ஸ்மன் என்ற, தூண்டலுக்கும் எதிர்வினைக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்த ரஷ்ய உடலியலாளர் பாவ்லோவின் சீடர் ஒருவரும் இதில் உண்டு. முதல் வாசிப்பிலேயே துணைநூலோடு உட்கார்ந்தால் நாம் அவராகிவிடுவோம். வைசன்பர்கரின் துணைநூல் நல்ல நூல்தான், இரண்டாம் வாசிப்புக்கு.

நேராக மூன்றாம் பகுதிக்குப் போய் பியோக்லர் என்ற ஜெர்மானிய ராக்கெட் பொறியாளனின் கதையைப் படியுங்கள். முப்பத்தைந்து பக்கங்கள் இருக்கும். மனைவியும் மகளும் வதைமுகாமில். ஆண்டுக்கொரு முறை விடுமுறைக்கு மகளை அனுப்புகிறார்கள். வருவது போன ஆண்டு வந்த அதே சிறுமிதானா என்று அவனுக்கு உறுதியில்லை. கேட்டால் அடுத்த ஆண்டு யாருமே வராமல் போகலாம். கேட்காமல் ராக்கெட் வேலையைத் தொடர்கிறான். அந்த ராக்கெட்டுகளைச் செய்தவர்கள் டோரா என்ற நாஜி வதைமுகாமின் கைதிகள், ஆயிரக்கணக்கில் செத்தவர்கள். சுவருக்கு அப்பால் இருந்த அந்த முகாமுக்குள் அவன் கடைசியாகத்தான் நுழைகிறான். போர் நாவல்களில் இதற்கு இணையாக நான் படித்தவை மிகச் சில.

இதுவும் உங்களைப் பிடிக்கவில்லை என்றால் புத்தகத்தை யாருக்காவது கொடுத்துவிடுங்கள். நண்பருக்கே கொடுக்கலாம். சின்னதாக இருக்கிறதே என்று பின்ச்சனின் இன்னொரு நாவலான ‘தி க்ரையிங் ஆஃப் லாட் 49’இலிருந்து தொடங்கச் சொல்வார்கள். நான் சொல்லமாட்டேன், பின்ச்சனே பிற்பாடு அதைப் பற்றி நல்லபடியாகப் பேசவில்லை.

பிடித்துவிட்டால் முதல் பக்கத்திலிருந்து தொடங்கி, புரியாத இடங்களில் நிற்காமல் போய்க்கொண்டே இருங்கள். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: நான்காம் பகுதியில் ஸ்லோத்ராப் சிதறிக் காணாமல் போய்விடுவான். பிரதியில் பக்கம் விட்டுப்போயிருக்கிறதோ என்று புரட்டித் தேட வேண்டாம்.

அன்புடன்