சீட்டுக்கட்டைத் தொடாத குடும்பத்துக்கு வேகாஸ் எதற்கு?

கேள்வி: ஜூன் கடைசி வாரம் லீவு போட்டிருக்கிறோம். நான், கணவர், 15 வயதுப் பையன், 12 வயதுப் பெண். லாஸ் வேகாஸுக்கு விமான டிக்கெட் மலிவாக இருந்தது என்று அவர் பாட்டுக்கு நாலு டிக்கெட் போட்டுவிட்டார். எங்கள் வீட்டில் ரம்மிகூட யாரும் ஆடியது கிடையாது, ஆபீஸில் எல்லோரும் கிண்டல் செய்கிறார்கள். ஆனால் நன்றாக நடப்போம், சைக்கிள் ஓட்டுவோம். டெத் வேலி, ஸயான், பிரைஸ், ஆன்டிலோப், மானுமென்ட் வேலி, கிராண்ட் கேன்யன் என்று சுற்றுவட்டத்துப் பாலைவனம், பள்ளத்தாக்கு எல்லாவற்றையும் ஏழு நாளில் காரில் சுற்ற ஒரு பட்டியல் வைத்திருக்கிறார். சரிவருமா? (வாசகி, டெக்ஸாஸ்)

பதில்: டிக்கெட் போட்டது நல்ல காரியம், அவரிடம் சொல்லிவிடுங்கள். பட்டியலைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை.

வேகாஸைப் பார்க்க வேண்டிய ஊராக நினைக்காதீர்கள். விழுப்புரம் ஜங்ஷன் மாதிரி அது, இறங்கி வேறு வண்டி பிடிக்கிற இடம். விமானமும் வாடகைக் காரும் அங்கே மலிவு, அதோடு அதன் வேலை முடிந்தது. முதல் ராத்திரி ஒன்று, கடைசி ராத்திரி ஒன்று தங்கினால் போதும். சூதாட்டக் கூடம் வழியாகத்தான் அறைக்கே போக வேண்டும் என்கிற ஹோட்டல்கள்தான் அங்கே அதிகம், பிள்ளைகளோடு அந்தச் சிகரெட் புகையில் பெட்டியை இழுத்துக்கொண்டு நடப்பது எனக்குப் பிடிக்காது. வடாரா மாதிரி கேசினோவே இல்லாத ஹோட்டல்களும் இருக்கின்றன, அதில் போடுங்கள். வாடகையைப் பார்த்து ஏமாறாதீர்கள், ரிசார்ட் ஃபீஸ் என்று ராத்திரிக்கு 40, 50 டாலர் தனியாக வரும்.

பட்டியலிலிருந்து முதலில் டெத் வேலியை அடித்துவிடுங்கள். 1913 ஜூலை 10 அன்று அங்கே பதிவான 134 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 56.7 செல்சியஸ், உலகச் சாதனை. உங்கள் குடும்பம் நடக்கிற குடும்பம், அங்கே ஜூன் மாதம் காரின் ஏ.சி.யை விட்டு இறங்கவே தோன்றாது. பிப்ரவரியில் போங்கள், அருமையான இடம். மானுமென்ட் வேலியையும் இந்தத் தடவை விட்டுவிடலாம், அதற்காக ஒரு நாள் முழுக்க ரோட்டில் போய்விடும்.

மீதியை எப்படி அடுக்குவது? மேப்பில் தூரத்தைப் பார்த்துத்தான் எல்லோரும் திட்டம் போடுகிறார்கள். கோடையில் நான் முதலில் பார்ப்பது உயரம். வேகாஸ் 2,000 அடியில் இருக்கிறது, ஜூலையில் பகல் வெயில் சராசரியே 40 செல்சியஸைத் தாண்டும். ஸயான் பள்ளத்தாக்கு 4,000 அடி, அங்கேயும் 38 வரும், ஆனால் உள்ளே ஒரு ஆறு ஓடுகிறது. பிரைஸ் விளிம்பு 8,000 அடிக்கு மேல், பகலில் 27 இருந்தாலே அதிகம், ராத்திரிக்கு ஸ்வெட்டர் வேண்டும். கிராண்ட் கேன்யனின் தெற்கு விளிம்பு 7,000 அடி. ஆகவே தாழ்ந்த இடத்தில் விடியற்காலை நடை, இல்லாவிட்டால் தண்ணீர். பகல் முழுக்க வெளியே இருக்க வேண்டுமானால் மேலே ஏறிவிட வேண்டும்.

உங்களுக்கு இன்னொரு லாபமும் இருக்கிறது. டெக்ஸாஸ் உடம்புக்கு வேகாஸின் காலை 5 மணி என்பது 7 மணி. போன ஊர் நேரத்துக்கு உடம்பைப் பழக்காதீர்கள்! பிள்ளைகளை ராத்திரி எட்டரைக்குத் தூங்கவைத்து விடியற்காலை எழுப்பிவிட்டால், மற்றவர்கள் பார்க்கிங் தேடி அலைகிற நேரத்தில் நீங்கள் பாதி நடை முடித்திருப்பீர்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் வேகாஸில் இறங்கி, ஞாயிறு விடியற்காலை கிளம்புங்கள். ஸயானின் வாசலில் இருக்கும் ஸ்பிரிங்டேல் சுமார் 160 மைல், மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். அது யூட்டா மாநிலம், அங்கே கடிகாரம் வேகாஸைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். இரண்டு ராத்திரி அங்கேயே. கோடையில் பள்ளத்தாக்கின் முக்கியச் சாலையில் சொந்தக் கார் போக முடியாது, இலவச ஷட்டில் பஸ்தான். இதில் சைக்கிள்காரர்களுக்கு ஒரு வசதி, கார் இல்லாத ரோடு உங்களுக்கே உங்களுக்கு. ஊரில் வாடகைக்கு எடுத்து கடைசி நிறுத்தம் வரை 8 மைலுக்கு மேல் ஓட்டலாம், போகும்போது மெதுவான ஏற்றம், வரும்போது சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். பின்னால் பஸ் வந்தால் மட்டும் ஓரமாக நின்று வழிவிட வேண்டும். ஞாயிறு சாயங்காலம் வெயில் தணிந்ததும் இதைச் செய்யுங்கள்.

திங்கள்கிழமை நேரோஸ். இந்த வாரத்தில் ஒன்றே ஒன்றுதான் செய்ய முடியும் என்றால் இதைத்தான் செய்யச் சொல்வேன். கடைசி நிறுத்தத்தில் இறங்கி ஒரு மைல் சிமென்ட் பாதையில் போனால் பாதை முடிந்து ஆறுதான் பாதை. வர்ஜின் நதிக்குள்ளேயே, இரண்டு பக்கமும் ஆயிரம் அடிச் சுவர், முழங்கால், சில இடத்தில் இடுப்புத் தண்ணீரில் எதிர்நீச்சலாக நடக்க வேண்டும். கீழேயிருந்து மேலே போவதற்கு பெர்மிட் வேண்டாம், பிக் ஸ்பிரிங் வரை சுமார் 5 மைல் போகலாம், நீங்கள் இரண்டு மூன்று மைலில் திரும்பினாலும் குறை ஒன்றும் இல்லை. ஆற்றில் கிடக்கிற உருண்டைக் கல்மேல் நடப்பது எண்ணெய் தடவின தேங்காய்மேல் நடப்பது மாதிரி, ஆகவே செருப்போடு போய் வீரம் காட்ட வேண்டாம். அதற்கான ஷூவும் கைத்தடியும் ஸ்பிரிங்டேல் கடைகளில் வாடகைக்குக் கிடைக்கும்.

ஜூன் கடைசி என்பதும் நல்ல தேதி. பனி உருகி வருகிற தண்ணீர் பெரும்பாலும் வடிந்திருக்கும், திடீர் வெள்ளம் கொண்டுவருகிற மழைக்காலம் ஜூலை நடுவில்தான் தொடங்கும். இருந்தாலும் அன்று காலை பூங்கா அலுவலகத்தில் வெள்ள அபாயம் என்ன நிலையில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு இறங்குங்கள். தலைக்குமேல் வானம் நீலமாக இருக்கிறதே என்று நம்பக்கூடாது. 1997 ஆகஸ்ட் 12 அன்று ஆன்டிலோப் கேன்யனின் கீழ்ப்பகுதியில் 11 பேர் வெள்ளத்தில் போனார்கள். அந்த இடத்தில் மழையே பெரிதாக இல்லை, பல மைல் தள்ளிப் பெய்த மழை பாறைச் சந்து வழியாகச் சுவர் மாதிரி வந்தது.

ஏஞ்சல்ஸ் லேண்டிங் பற்றிப் பையன் கட்டாயம் கேட்பான், யூடியூபில் பார்த்திருப்பான். சங்கிலியைப் பிடித்துக்கொண்டு கத்தி முனை மாதிரிப் பாறையில் போகிற அதற்கு 2022 ஏப்ரலிலிருந்து பெர்மிட் வேண்டும், அதைக் குலுக்கலில்தான் தருகிறார்கள். சூதாடாத குடும்பத்துக்கு இந்தப் பயணத்தில் அமைகிற ஒரே லாட்டரி! ஜூன் மாதத்துக்கான குலுக்கலுக்கு ஏப்ரல் முதலிலேயே விண்ணப்பிக்க வேண்டும், விட்டுவிட்டால் முந்தின நாள் குலுக்கல் ஒன்று இருக்கிறது. விண்ணப்பத்துக்கு 6 டாலர், கிடைத்தால் ஆளுக்கு 3. என் அபிப்பிராயம்: 12 வயதுப் பெண்ணோடு சங்கிலி வரை போக வேண்டாம். அதற்கு முன்னால் ஸ்கவுட் லுக்அவுட் என்று ஒரு இடம், பெர்மிட் தேவையில்லை, 21 கொண்டை ஊசி வளைவு ஏறி அங்கே போனாலே மூச்சு வாங்கும். செவ்வாய் விடியற்காலை முதல் பஸ்ஸில் போய் ஏறிவிட்டு இறங்கி, குளித்துச் சாப்பிட்டுவிட்டு பிரைஸுக்குக் கிளம்புங்கள். இரண்டு மணி நேர ஓட்டம்.

பிரைஸில் மேலேயிருந்து பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களை எனக்குப் புரிவதே இல்லை. ஆண்டில் பாதி நாட்கள் பகலில் உருகி ராத்திரி உறைகிற தண்ணீர் பாறை இடுக்கில் புகுந்து உடைத்து உடைத்துச் செய்த ஆரஞ்சுத் தூண்கள், ஆயிரக்கணக்கில், கோயில் மண்டபத்துக்குக் கூரை போட மறந்த மாதிரி நிற்கும். சன்ரைஸ் பாயின்டில் இறங்கி, குவீன்ஸ் கார்டன் வழியாகப் போய், நவஹோ லூப் என்கிற பாதையில் ஏறி சன்செட் பாயின்டில் வெளியே வாருங்கள். மூன்று மைல்தான். அந்தப் பக்கம் குடியேறிய எபனேசர் பிரைஸ், மாடு தொலைந்தால் தேடவே முடியாத இடம் என்று அலுத்துக்கொண்டதாகக் கதை, உள்ளே போனால் அவர் கஷ்டம் தெரியும். ராத்திரி நட்சத்திரம் பார்க்காமல் தூங்காதீர்கள்.

புதன் மத்தியானம் அரிஸோனாவில் பேஜ் என்கிற ஊருக்கு, 150 மைல். இங்கேதான் கடிகாரக் கூத்து. அரிஸோனாவில் கோடைக்கு மணியை மாற்றுவதில்லை, யூட்டாவில் மாற்றுகிறார்கள், பக்கத்தில் நவஹோ பழங்குடி மக்களின் நிலத்திலும் மாற்றுகிறார்கள், நம் போன் எந்த டவரைப் பிடிக்கிறதோ அந்த மணியைக் காட்டும். ஒரு தடவை நான் படகுக்கு ஓடிப்போய் ஒரு மணி நேரம் பூட்டின கதவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பேஜில் சுற்றுலாக்காரர்கள் அரிஸோனா மணிதான் வைத்திருப்பார்கள், போனில் அதைக் கையால் மாற்றிப் பூட்டிவிடுங்கள். ஆன்டிலோப்புக்கு நவஹோ வழிகாட்டியோடுதான் போக முடியும், மத்தியான டிக்கெட்தான் முதலில் தீரும். அழகுதான், ஆனால் வரிசையில் நின்று போட்டோ எடுத்து வருகிற அழகு. அந்தப் பணத்துக்கு வியாழன் காலை பவல் ஏரியில் கயாக் என்கிற சின்னத் துடுப்புப் படகு எடுத்தால் உங்கள் குடும்பத்துக்கு அதிகம் பிடிக்கும் என்று நினைக்கிறேன். ஹார்ஸ்ஷூ பெண்ட் போய்வர ஒன்றரை மைல், நிழல் அதிகம் கிடையாது, விடிந்ததும் முடியுங்கள்.

அங்கிருந்து கிராண்ட் கேன்யனின் தெற்கு விளிம்பு இரண்டரை மணி நேரம். வடக்கு விளிம்பு இன்னும் குளிர்ச்சியானதுதான், ஆனால் 2025 ஜூலைத் தீயில் அங்கிருந்த பழைய லாட்ஜ் எரிந்துபோய்விட்டது, ஆகவே தெற்கே போங்கள். வழியில் டெஸர்ட் வியூ கோபுரம், 1932-இல் மேரி கோல்டர் என்கிற கட்டடக் கலைஞர் கட்டியது, பிள்ளைகள் ஏறிப் பார்க்கட்டும்.

வெள்ளிக்கிழமை சவுத் கைபாப் ட்ரெயில், விளிம்பிலிருந்து பள்ளத்தாக்குக்குள் இறங்குகிற பாதை. இதில் மட்டும் நான் கொஞ்சம் கண்டிப்பாகப் பேசுகிறேன். பழனி மலை ஏறும்போது களைத்தால் திரும்பி இறங்கிவிடலாம், இங்கே தலைகீழ். இறக்கம் முதலில், கால் தானாகப் போகும், உங்கள் கணவர் இன்னும் கொஞ்சம் போகலாம் என்பார், பையன் அடியில் ஓடும் கொலராடோ ஆற்றைத் தொட்டுவிட்டு வரலாம் என்பான். ஒரே நாளில் ஆறு வரை போய்த் திரும்பாதீர்கள் என்று ரேஞ்சர்கள் பலகை வைத்தே சொல்கிறார்கள். வெயில் ஏறும்போதுதான் நீங்களும் ஏற வேண்டியிருக்கும், அடியில் வெப்பம் 40-ஐத் தாண்டும், அந்த ட்ரெயிலில் தண்ணீர்க் குழாயே கிடையாது. விடியற்காலை ஷட்டிலில் போய், சீடர் ரிட்ஜ் வரை, போய்வர 3 மைல், அதோடு திரும்பி 10 மணிக்கு முன் மேலே வந்துவிடுங்கள். சாயங்காலம் விளிம்பு ஓரமாக ஹெர்மிட் ரோட்டில் சைக்கிள், அதுவும் கோடையில் சொந்தக் கார் விடாத ரோடு.

தண்ணீரைப் பற்றி: வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருந்தால் உடம்பில் உப்பு குறைந்து மயக்கம் வரும், அங்கே ரேஞ்சர்கள் பார்க்கிற கேஸ்களில் இதுவும் ஒன்று. ஆளுக்கு ஒரு துண்டு உப்பு நார்த்தங்காய் பையில் இருக்கட்டும். கூலர் பெட்டியில் புளியோதரையும் மோரும் இருந்தால் ஸ்பிரிங்டேல் சாண்ட்விச் விலையைப் பார்த்து வயிறு எரிய வேண்டாம்.

சனிக்கிழமை வேகாஸுக்கு 280 மைல், வழியில் செலிக்மனில் ரூட் 66 என்கிற பழைய நெடுஞ்சாலை, கடைசியில் ஹூவர் அணை. ஞாயிறு விமானம். மொத்தம் 800 மைல் சொச்சம்தான்.

கேள்வி: வேகாஸில் ஆபீஸ் மாநாடு. எனக்கு ஒரு நாள் சும்மா கிடைக்கிறது, சூதாட்டம் பிடிக்காது. என்ன செய்யலாம்? (வாசகர், நியூஜெர்சி)

பதில்: காலையில் வில்லோ பீச் போய் கயாக் எடுங்கள். ஹூவர் அணைக்குக் கீழே ஓடும் கொலராடோ ஆறு, எமரால்ட் குகை வரை சுமார் இரண்டு மைல் துடுப்பு போட வேண்டும். அணையின் ஆழத்திலிருந்து வருகிற தண்ணீர், வெளியே 40 டிகிரி அடித்தாலும் கை வைத்தால் ஐஸ். திரும்பும்போது அணைக்குப் பக்கத்தில் 2010-இல் திறந்த பாலத்தில் நடந்து போய், 1930-களில் கட்டிய அந்த 726 அடிச் சுவரை எட்டிப் பாருங்கள். அது போதும்.

கேள்வி: ஊரிலிருந்து அப்பா அம்மா வருகிறார்கள். அப்பாவுக்கு முழங்கால் வலி. ஸயான், பிரைஸ், கிராண்ட் கேன்யன் ரூட்டில் அழைத்துப்போகலாமா? (வாசகி, கலிஃபோர்னியா)

பதில்: தாராளமாக. ஸயானில் ரிவர்சைட் வாக் என்கிற ஆற்றோரச் சிமென்ட் பாதை, கிராண்ட் கேன்யனில் கிராண்ட் கேன்யன் வில்லேஜ் பக்கம் உள்ள விளிம்புப் பாதையான ரிம் ட்ரெயில், பிரைஸில் சன்ரைஸ் பாயின்டுக்கும் சன்செட் பாயின்டுக்கும் நடுவில் உள்ள சமதளப் பாதை, மூன்றும் அப்பாவுக்குச் சரி. பிரைஸ் 8,000 அடி என்பதால் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவரானால் கிளம்புமுன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

கட்டணம் மாறிவிட்டது, கவனியுங்கள். 2026 ஜனவரியிலிருந்து தேசியப் பூங்காக்களின் வருடப் பாஸ் அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கு 80 டாலர், வெளிநாட்டவருக்கு 250. பாஸ் இல்லாத வெளிநாட்டவருக்கு 11 பூங்காக்களில் ஆளுக்கு 100 டாலர் கூடுதல், அந்தப் பதினொன்றில் ஸயான், பிரைஸ், கிராண்ட் கேன்யன் மூன்றும் உண்டு. அப்பா அம்மாவை உங்கள் பாஸில் சேர்க்கலாமா என்று கிளம்புமுன் பூங்காவுக்கே போன் போட்டுக் கேட்டுவிடுங்கள், கேட்டில் நின்று கணக்குப் பார்க்க வேண்டாம். அப்புறம், காலை காபி. லாட்ஜ் அறைக் காபியை நம்பி அம்மாவைக் கூட்டிப்போகாதீர்கள், ஃபில்டரும் ஒரு கெட்டிலும் பெட்டியில் இருக்கட்டும்.