விம் கேள்வி பதில்: எந்தக் கோப்பு செய்த வேலை இது?

விம் என்ற உரைத்தொகுப்பி பற்றி இந்த முறை வந்த கேள்விகளில் முக்கால்வாசி, அதன் அமைப்புகளை எழுதிவைக்கும் விம்ஆர்சி கோப்பைப் பற்றியவை. கட்டளைகளை உச்சரிப்பின்படி எழுதுகிறேன். வாய்விட்டு வாசித்தால் விரல் தானாகத் தட்டும். கேட்பதற்கு முன் "விம் மைனஸ் மைனஸ் கிளீன்" என்று ஒருதரம் திறந்து பாருங்கள். உங்கள் விம்ஆர்சியையும் செருகுநிரல்களையும் தொடாமல் திறக்கும். அதில் கோளாறு காணாமல் போனால் குற்றவாளி உங்கள் வீட்டுக்குள்தான்.

கோணேசபுரியில் படிக்கும் மாணவி: ஷிஃப்ட்விட்த்தை (வரித் தொடக்கத்தில் உள்தள்ளும் அளவு) 2 என்று விம்ஆர்சியில் மூன்று இடத்தில் எழுதிவிட்டேன். பைதன் நிரல் கோப்பில் மட்டும் 4 ஆகவே இருக்கிறது.

மூன்று இடத்தில் எழுதினீர்களே தங்கச்சி, அதற்குப் பதில் ஒருதரம் கேட்டிருக்கலாம்: "கோலன் வெர்போஸ் செட் ஷிஃப்ட்விட்த் கேள்விக்குறி". மதிப்பைச் சொல்வதோடு, அதைக் கடைசியாக மாற்றிய கோப்பின் பெயரையும் விம் சொல்லும். உங்களுக்கு அநேகமாக எஃப்டிபிளகின் (கோப்பு வகைக்கேற்ற அமைப்புகள்) கோப்புறையில் இருக்கும் பைதன் கோப்பைக் காட்டும். விம்ஆர்சி முதலில் ஓடும். பைதன் கோப்பைத் திறக்கும்போது அந்த வகைக்கான கோப்பு பிறகு ஓடும். பிறகு வருகிறவன் சொல்தான் எடுபடும். ஆகவே விம்ஆர்சியில் நூறு தரம் எழுதினாலும் பயனில்லை. உங்கள் விம் கோப்புறைக்குள் "ஆஃப்டர்", அதற்குள் "எஃப்டிபிளகின்", அதற்குள் பைதனுக்கு ஒரு கோப்பு வைத்து, "செட்லோக்கல் ஷிஃப்ட்விட்த் ஈக்வல்ஸ் 2" என்று எழுதுங்கள். அது எல்லோருக்கும் பிறகு ஓடும். ஆனால் பைதன்காரர்களின் வழக்கம் 4 இடைவெளிதான். ஏன் 2-க்கு ஆசைப்படுகிறீர்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

நிலாவெளி: சேமிக்க கொன்ட்ரோல் எஸ் அழுத்தினேன். விம் உறைந்துவிட்டது.

உறையவில்லை. திரைக்கு எழுதுவதை நிறுத்து என்று டெர்மினலுக்கு (விம் ஓடும் கட்டளைச் சாளரம்) சொல்லிவிட்டீர்கள். தொலைத்தட்டச்சுப் பொறிக் காலத்துப் பழக்கம் அது; பழைய விம் பதிப்புகள் அதைத் தடுப்பதில்லை. கொன்ட்ரோல் கியூ அழுத்தினால் எழும்பும். இடையில் தட்டியதெல்லாம் உள்ளே போயிருக்கும், கவனம். நிரந்தரமாக நிறுத்த, டெர்மினல் தொடங்கும்போது ஓடும் பாஷ்ஆர்சி கோப்பில் "எஸ்டிடிஒய் மைனஸ் ஐக்ஸ்ஒன்".

கிண்ணியா: வரி எண் காட்ட ஒரேயொரு வரியில் புதிய விம்ஆர்சி எழுதினேன். நிறங்கள் போய்விட்டன.

விம் 8 முதல், உங்களுக்கென விம்ஆர்சி இல்லாவிட்டால் "டிஃபோல்ட்ஸ்" என்ற கோப்பை விம் தானே எடுத்துக்கொள்ளும். நிறம் அதிலிருந்து வந்தது. நீங்கள் ஒன்று வைத்ததும் அது ஒதுங்கிவிட்டது. விம்ரன்டைம் கோப்புறையில் உள்ள அந்தக் கோப்பை "சோர்ஸ்" செய்யும் (உள்ளே இழுக்கும்) வரியை முதல் வரியாகப் போடுங்கள்.

மூதூர்: கொன்ட்ரோல் எஸ் அழுத்தினால்...

நிலாவெளிக்குச் சொன்னதுதான் தம்பி.

தம்பலகாமம்: அச்சகத்தில் முப்பது வருடம் பாமினி எழுத்துருவின் விசை அமைப்பில் தட்டிய கை. விம்மில் தமிழ் விசைப்பலகையைப் போட்டால் நோர்மல் (கட்டளை) நிலையில் ஒரு கட்டளையும் வேலை செய்வதில்லை.

ஐயா, இது நல்ல கேள்வி. இயங்குதளத்தின் விசைப்பலகையை மாற்றினால் விம்முக்கு வருவது தமிழ் எழுத்து. "டிடி" என்றால் வரியை அழிக்கத் தெரிந்த விம்முக்கு "னன" தெரியாது. இயங்குதளத்தை ஆங்கிலத்திலேயே விட்டு, விசையை வேறெழுத்தாக மாற்றும் விம்மின் "கீமேப்" வசதியைப் பயன்படுத்துங்கள். அது இன்சேர்ட் (எழுதும்) நிலையில் தமிழ் தரும். நோர்மல் நிலைக் கட்டளை எப்போதும் ஆங்கிலம்.

சிக்கல் கொம்பில் இருக்கிறது. பாமினியில் கொம்பை முதலில் தட்டி, பிறகு எழுத்தைத் தட்டுவீர்கள்: என், எஃப் என்றால் "கெ". யூனிகோட்டில் க முதலில், கொம்பு பிறகு. ஆகவே கீமேப் கோப்பில் ஒவ்வொரு இணைக்கும் ஒரு வரி வேண்டும். 18 மெய்க்கு கெ, கே, கை வரிசை 54 வரி, கொ, கோ வரிசை 36, மொத்தம் 90. கிரந்தமும் கௌ வரிசையும் தனி. சோம்பலில் கொ வரிசையை விட்டு, "கெ"யோடு துணைக்காலை ஒட்டலாம் என்று நினைக்காதீர்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. ஆனால் ஒற்றைக் குறியாக இருக்கும் "கொ"வைத் தேடும்போது இரட்டைக் குறியாக எழுதியது அகப்படாது.

உவர்மலை: இந்தப் பாடு எதற்கு? ஒலிமுறையில் (ஆங்கில விசையில் ஒலிப்படி) கே, ஓ என்று தட்டினால் வேலை முடிந்தது. பாமினி செத்துப்போன எழுத்துரு.

எழுத்துரு செத்திருக்கலாம், தம்பி. அந்த விசை அமைப்பு நிறையக் கைகளில் உயிரோடு இருக்கிறது. முப்பது வருடப் பழக்கத்தை மறந்துவிடு என்று சொல்ல எனக்கு வாய் வராது.

உவர்மலை மறுபடியும்: அப்போ புதிதாகப் பழகுகிறவரும் பாமினி பழக வேண்டுமா?

நான் அப்படிச் சொல்லவில்லை. புதியவர் ஒலிமுறையோ தமிழ்99 விசைப்பலகையோ எடுக்கட்டும். ஆனால் பழைய பாமினிக் கோப்பை விம்மில் திறந்தால் ஆங்கிலக் குப்பை போல் தெரியும். "கை" என்ற சொல் அங்கே ஐ, எஃப் என்ற இரண்டெழுத்து! அதை வாசிக்கிறவர் ஐயா போன்றவர்தான்.

தம்பலகாமம்: உவர்மலைத் தம்பி ஒரு பக்கம் தட்டட்டும், நானும் தட்டுகிறேன், பார்ப்போம்.

போட்டிக்கு நான் நடுவர் இல்லை. ஐயா, இன்னொன்று: கொம்பைத் தட்டி ஒரு செக்கனுக்கு மேல் யோசித்தால் இணை முறியும். "டைம்அவுட்லென்" 1000 மில்லிசெக்கன், கூட்டிக்கொள்ளுங்கள். எக்ஸ் விசை "கி"யை முழுதாக அழிக்கும். விசிறிக் குறியை மட்டும் அழிக்க "செட் டெல்கம்பைன்".

சாம்பல்தீவு: கரண்ட் போய் வந்தபின் ஸ்வாப் கோப்பு இருக்கிறது என்று மிரட்டுகிறது.

மிரட்டவில்லை, காப்பாற்றியிருக்கிறது. 200 எழுத்துக்கு ஒருதரம், அல்லது 4 செக்கன் கை ஓய்ந்தால், விம் அதில் எழுதிவைக்கும். ஆர் அழுத்தி மீட்டு, சேமித்து, சரிபார்த்த பிறகுதான் ஸ்வாப்பை அழியுங்கள்.

லிங்கநகர்: யாரோ எழுதிய 400 வரி விம்ஆர்சியைக் கொப்பி பண்ணினேன். எஃப்5 சேமிக்கிறது, ஆனால் கர்சர் வேறெங்கோ குதிக்கிறது.

ஊரான் விம்ஆர்சியை அப்படியே ஒட்டாதீர்கள் என்று போன முறையும் சொன்னேன், அதற்கு முந்தியும் சொன்னேன். எஃப்5-க்கு வேலை சொல்லும் மேப் வரியின் கடைசியில் இரட்டை மேற்கோள் போட்டு விளக்கம் எழுதியிருக்கிறதா? அந்த இடத்தில் அது விளக்கம் ஆகாது. நீங்கள் தட்டியதாக எண்ணி விம் அதையும் நிறைவேற்றும். விளக்கத்தை மேல் வரிக்கு ஏற்றுங்கள். விளங்காத மற்ற 399 வரியையும் எடுத்துவிடுங்கள்.

பாலையூற்று: கொன்ட்ரோல் எஸ்...

கியூ.

தம்பலகாமம்: 90 வரியும் எழுதி முடித்தேன். "னை" மட்டும் வரவில்லை.

கோப்பைப் பார்த்தேன் ஐயா. "ணை" இரண்டு தரம் இருக்கிறது. இரண்டாவதில் சுழியைக் குறையுங்கள்.