சோயா பால், பாதாம் பால், கரும்பு ஜூஸ்: டெல்லித் தமிழர்கள் கேட்ட கேள்விகளும் என் பதிலும்

உணவு டெஸ்ட் பண்ற லேப்ல மைக்ரோபயாலஜி பாக்குறேன். ஆன்டிபயாடிக் மருந்துக்கு அடங்காத (ரெசிஸ்டன்ட்) பாக்டீரியா இந்தப் பானங்கள்ல இருக்குமான்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க.

மயூர் விஹார்லேர்ந்து: அக்கா, ரெசிஸ்டன்ட் பாக்டீரியான்னா காய்ச்சினாலும் சாகாதா?

சாகும்மா. மருந்துக்கு அடங்காதது வேற, சூட்டுக்கு அடங்காதது வேற. எந்த மாத்திரையும் கேக்காத ஈ.கோலையா (குடல்ல வாழ்ற ஒரு பாக்டீரியா) இருந்தாலும் 72 டிகிரில 15 செகண்ட் வெச்சா மத்த ஈ.கோலை மாதிரியே செத்துடும். தொல்லை பேசில்லஸ் செரியஸ்ங்கிற பாக்டீரியாதான், அது ஸ்போரா, அதாவது கெட்டி ஓட்டுக்குள்ள தூங்குற விதை மாதிரி மாறிட்டா கொதிக்கிற தண்ணிலயும் தப்பிச்சிடும், பெனிசிலினை உடைக்கிற என்சைமும் அதுக்குப் பிறவிலயே உண்டு. அதனாலதான் டெட்ரா பேக்ல வர்றதை 135 டிகிரிக்கு மேல சில செகண்ட் சூடு பண்ணி அடைக்கிறாங்க. பேக்கைத் திறந்துட்டா அந்தப் பாதுகாப்பு போச்சு, உடனே ஃபிரிட்ஜ்ல வைங்க, திரியலையே நல்லாத்தானே இருக்குன்னு நம்பாதீங்க. பேசில்லஸ் செரியஸ் விடுற, வாந்தி வர வைக்கிற விஷம் மறுபடி காய்ச்சினாலும் போகாது.

கர்ப்பமா இருக்கேன், ஃபிரிட்ஜ்ல வெச்சு விக்கிற பாதாம் பால் குடிக்கலாமா?

டெட்ரா பேக் வாங்கிக்கோங்க, இல்லன்னா நல்லா கொதிக்க வெச்சு குடிங்க. 2024ல கனடால இப்படி ஃபிரிட்ஜ்ல விக்கிற தாவரப் பால்ல லிஸ்டீரியாங்கிற பாக்டீரியா வந்து 20 பேருக்கு நோய், 3 பேர் இறந்தாங்க. இது ஃபிரிட்ஜ் குளிர்லயும் வளரும், கர்ப்பத்துல குழந்தைக்கே ஆபத்து. செஃபலோஸ்போரின் வகை ஆன்டிபயாடிக் இதுகிட்ட வேலை செய்யாது, ஆம்பிசிலின்ங்கிற ஆன்டிபயாடிக் வேலை செய்யும், அதனால காய்ச்சல் வந்தா என்ன குடிச்சீங்கன்னு டாக்டர்கிட்ட மறக்காம சொல்லுங்க.

கரோல் பாக்ல ரோட்டோர கரும்பு ஜூஸ் குடிச்சேன், ஒண்ணும் ஆகலையேக்கா?

தம்பி, எனக்கு ரொம்ப கவலை தர்றது இதுதான். டெல்லில தண்ணி எடுத்து பாத்த ஆய்வு 2011ல வந்துச்சு, 50 குழாய்த் தண்ணி சாம்பிள்ல 2லயும், தெருவுல தேங்கின 171 சாம்பிள்ல 51லயும் என்டிஎம்-1 ஜீன் இருந்துச்சு, கார்பபெனம்னு ஆஸ்பத்திரில கடைசிக் கட்டத்துல குடுக்கிற மருந்தையே உடைக்கிற ஜீன் அது. ஜூஸ்ல காய்ச்சறதுங்கிற பேச்சே இல்ல, ஐஸ் எந்தத் தண்ணியோ, மெஷின் எப்ப கழுவினதோ. குடிச்ச அன்னிக்கு ஒண்ணும் ஆகாம இருக்கலாம். ஆனா அந்த பாக்டீரியா குடல்ல சத்தமில்லாம தங்கி, ஜீனை பக்கத்துல இருக்கிற நல்ல பாக்டீரியாவுக்கும் கைமாத்தி விடலாம், மாசக்கணக்குல கழிச்சு யூரின் இன்ஃபெக்ஷன் வர்றப்பதான் எந்த மாத்திரையும் கேக்கலைன்னு தெரியும். ஐஸ் போடாம, கண் முன்னாடி மெஷினைக் கழுவிப் பிழியச் சொல்லி குடி, அதுவும் இல்லன்னா விட்டுடு.

புரோபயாடிக் ஓட்ஸ் டிரிங்க்ல இருக்கிறதும் பாக்டீரியாதானே?

ஆமா. இந்த மாதிரி டிரிங்க்ல சேர்க்கிற லாக்டோபேசில்லஸ்ங்கிற நல்ல பாக்டீரியால நிறைய வகைக்கு வான்கோமைசின்ங்கிற ஆன்டிபயாடிக் இயல்பாவே வேலை செய்யாது, ஆனா அது மத்ததுக்குத் தாவுற ஜீன் இல்ல. ஆரோக்கியமா இருக்கிறவங்க பயப்பட வேணாம்.

ஆர்.கே. புரம் மாமி: வயித்தால போறதுமா, வீட்ல மிச்சம் அசித்ரோமைசின் (ஆன்டிபயாடிக்) இருக்கு, போட்டுக்கட்டுமா?

வேண்டாம் மாமி. முதல்ல ஓஆர்எஸ் கரைச்சு கொஞ்சம் கொஞ்சமா குடிங்கோ, பெரும்பாலும் தானா நின்னுடும். ரத்தம் போனாலோ, காய்ச்சல் அடிச்சாலோ, யூரின் குறைஞ்சாலோ இன்னிக்கே டாக்டர்கிட்ட போயிடுங்கோ. இந்த மாதிரி சிவப்புக் கோடு போட்ட மாத்திரை ஸ்ட்ரிப் டாக்டர் எழுதிக் குடுத்தா மட்டும்தான், அந்த மிச்சத்தை யாருக்கும் குடுத்துடாதீங்கோ.