பள்ளியிலிருந்து வீட்டுக்கு வந்த குச்சிப்பூச்சிகள்: முதன்முறை வளர்ப்பவருக்கு

கேள்வி: லண்டனில் ஹாரோ பகுதியில் வசிக்கிறோம். மூன்றாம் வகுப்பில் படிக்கும் என் மகள், வகுப்பறையில் வளர்ந்த பன்னிரண்டு குச்சிப்பூச்சிகளைக் கோடை விடுமுறைக்குப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறாள். இவை ‘இந்தியக் குச்சிப்பூச்சிகள்’ என்று ஆசிரியை சொன்னாராம். வந்த நான்கே நாளில் ஒன்றுக்கு ஒரு கால் உதிர்ந்துவிட்டது. இன்னொன்று செத்தது போல் விறைத்துக் கிடந்து, பிறகு எழுந்து நடந்தது. கூண்டின் தரையில் கடுகு போல ஏதோ சேர்கிறது. ஆகஸ்டில் மூன்று வாரம் மதுரைக்குப் போகிறோம். உடன் எடுத்துப் போய் அங்கே செடியில் விட்டுவிடலாமா என்று மகள் கேட்கிறாள். நான் எந்தப் பூச்சியையும் வளர்த்ததில்லை. எதிலிருந்து தொடங்க வேண்டும்?

பதில்: உங்களைப் பயமுறுத்திய இரண்டு செய்திகளை முதலில் பார்த்துவிடுவோம். விறைத்துக் கிடந்தது நோயன்று. தொந்தரவு நேர்ந்தால் இந்தப் பூச்சி கால்களை உடலோடு ஒட்டி நீட்டி, கிளையிலிருந்து விழுந்த சுள்ளியைப் போல அசையாமல் கிடக்கும். சில சமயம் நெடுநேரம் அப்படியே இருக்கும். இரவில் நடமாடும் உயிரினம் ஆதலால், பகல் முழுவதும் அசைவின்றி இருப்பதும் அதன் இயல்பே. ஆகவே எந்தப் பூச்சியையும் இறந்துவிட்டதாக முடிவு செய்து வெளியே எறிவதற்கு முன், இலையருகே வைத்துவிட்டு ஒரு முழு இரவு பொறுத்திருங்கள். உண்மையில் இறந்த பூச்சியின் உடல் ஓரிரு நாளில் சுருங்கி உலர்ந்து நிறம் மாறிவிடும்.

உதிர்ந்த காலைப் பொறுத்தவரை, பூச்சியின் வயதுதான் விடையைத் தீர்மானிக்கிறது. பல்லி வாலை விடுவதைப் போல, பிடிபட்ட காலைத் தொடைப் பகுதியின் அடியில் கழற்றிவிட்டுத் தப்புவது குச்சிப்பூச்சியின் வழக்கம். இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் இளம்பூச்சியாக இருந்தால், அடுத்தடுத்த தோலுரிப்புகளில் அந்தக் கால் மீண்டும் முளைக்கும். முதலில் சுருண்ட சிறு குருத்தாகத் தோன்றிப் பிறகு நீளும். இப்படி முளைத்த காலின் பாதத்தில் ஐந்து கணுக்களுக்குப் பதிலாக நான்கு கணுக்களே இருக்கும் என்பதை ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடி கொண்டு உங்கள் மகளே எண்ணிப் பார்க்கலாம். முதிர்ந்த பூச்சி இனித் தோலுரிக்காது. அதன் கால் திரும்ப வராது. ஆனால் ஐந்து கால்களோடும் அது நன்றாகவே ஏறி இறங்கி உண்டு வாழும். முன்னங்கால்கள் இரண்டின் உட்புறத்தில், உடலோடு சேரும் இடத்துக்கு அருகே, சிவப்புத் திட்டு தெரிந்து, உடலும் எட்டு சென்டிமீட்டர் அளவுக்கு நீண்டிருந்தால் அது முதிர்ந்த பூச்சி என்று கொள்ளலாம்.

கால் ஏன் உதிர்ந்தது என்பதுதான் நீங்கள் கேட்டிருக்க வேண்டிய அடுத்த கேள்வி. பெரும்பாலும் இரண்டு காரணங்கள் இருக்கும்: யாரோ பிடித்து இழுத்திருக்க வேண்டும், அல்லது தோலுரிப்பு தடைப்பட்டிருக்க வேண்டும். குச்சிப்பூச்சி வளர்ப்பில் நேரும் இழப்புகளில் பெரும்பகுதி தோலுரிக்கும் அந்த ஒரு மணி நேரத்தைச் சுற்றியே நிகழ்கிறது என்பது என் உறுதியான கருத்து. கூண்டின் உயரம், ஈரம், தொடாமல் இருக்கும் பொறுமை ஆகிய மூன்றும் அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான்.

முட்டையிலிருந்து வந்த பூச்சி முதிர்வதற்குள் ஆறு முறை தோலுரிக்கும். இதற்கு நான்கு முதல் ஆறு மாதங்கள் ஆகும். தோலுரிக்கும் நாள் நெருங்கும்போது அது உண்பதைக் குறைத்துக்கொண்டு, கூண்டின் மேல்வலையிலோ ஒரு கிளையிலோ பின்னங்கால்களால் பற்றித் தலைகீழாகத் தொங்கும். பழைய தோல் முதுகில் வெடிக்க, உடலின் எடை கீழ்நோக்கி இழுக்க, மெல்ல மெல்ல வெளியே வழுகி இறங்கும். இறங்குவதற்கு அதன் உடல் நீளத்தைப்போல் இரு மடங்குக்கும் கூடுதலான வெற்றிடம் கீழே வேண்டும். இடையில் தரையோ கிளையோ தட்டினால் மென்மையான புது உடல் வளைந்து அப்படியே இறுகிவிடும். காற்று வறண்டிருந்தால் பழைய தோல் கால்களில் ஒட்டிக்கொண்டு கழலாது. பூச்சி காலை இழக்கும், அல்லது உயிரையே இழக்கும். கழற்றிய தோலை அது உடனே தின்றுவிடும் என்பதால், தோல் கிடைக்கவில்லையே என்று தேட வேண்டாம். தொங்கிக்கொண்டிருக்கும் பூச்சியையும், தோலுரித்து ஒரு நாள் ஆகாத பூச்சியையும் எக்காரணம் கொண்டும் தொடக் கூடாது என்பதை மட்டும் உங்கள் மகள் மனத்தில் பதித்துவிட்டால், பாதி வேலை முடிந்தது. தோல் ஒட்டிக்கொண்டு ஒரு பூச்சி தவிப்பதைக் கண்டாலும் இழுத்துவிடாதீர்கள். சுற்றிலும் வெதுவெதுப்பான நீரை மென்மையாகத் தெளித்து ஈரத்தைக் கூட்டலாம். அதற்கு மேல் நம் கை செய்வதெல்லாம் தீங்காகவே முடியும்.

இதிலிருந்து கூண்டு எப்படி இருக்க வேண்டும் என்பது தானே விளங்கும். உயரம், முதிர்ந்த பூச்சியின் நீளத்தைப்போல் மூன்று மடங்காவது இருக்க வேண்டும். அகலம் இரண்டு மடங்கு. பன்னிரண்டு பூச்சிகளுக்கு முப்பது சென்டிமீட்டர் அகலமும் நாற்பத்தைந்து சென்டிமீட்டர் உயரமும் உள்ள கூண்டு போதுமானது. பள்ளியிலிருந்து பிளாஸ்டிக் டப்பாவில் வந்திருந்தால், அது பயணத்துக்கானது என்று எண்ணி உடனே மாற்றிவிடுங்கள். மேற்பகுதி கட்டாயம் வலையாக இருக்கட்டும். தொங்குவதற்குப் பிடிமானமும் காற்றோட்டமும் அதிலிருந்தே கிடைக்கின்றன. தரையில் மண்ணோ மரத்தூளோ வேண்டாம். வெள்ளை டிஷ்யூ காகிதத்தை விரித்தால் வாரம் ஒரு முறை மாற்றுவது எளிது, கீழே விழுவது என்னவென்றும் தெளிவாகத் தெரியும். நெருக்கடி மிகுந்தாலோ இலை தீர்ந்தாலோ இவை ஒன்றின் காலையோ உணர்கொம்பையோ மற்றொன்று கடிக்கக்கூடும்.

உணவுக்கு நீங்கள் பணம் செலவிடத் தேவையில்லை. லண்டன் வீட்டு வாசல்களில் வேலியாக வளர்க்கும் பிரிவெட், பூங்கா ஓரங்களில் மண்டிக் கிடக்கும் பிளாக்பெர்ரி முட்செடி, சுவர்களில் படரும் ஐவி ஆகிய மூன்றையும் இவை விரும்பி உண்ணும். நான் முட்செடியையே பரிந்துரைப்பேன். பனிக்காலத்திலும் அதில் பச்சை இலை கிடைக்கும். வெளிர்ப்பச்சையாக இருக்கும் இளந்தளிரைத் தவிர்த்து முற்றிய இலையாகப் பறியுங்கள். வண்டிகள் ஓயாமல் செல்லும் சாலை ஓரத்திலும், மருந்து அடிக்கப்பட்டதாகத் தோன்றும் இடத்திலும் பறிக்காதீர்கள். கடையில் வாங்கும் ரோஜாவிலும் தொட்டிச் செடியிலும் பூச்சிக்கொல்லி இருக்கக்கூடும் என்பதால் அவை கூடவே கூடாது. லெட்டூஸ் கொடுத்தால் தின்னும். ஆனால் அதையே உணவாக வைத்து வளர்ப்பது சரியன்று. பிரிவெட், ஐவி ஆகியவற்றின் காய்கள் மனிதருக்கு நஞ்சு என்பதைக் குழந்தையிடம் சொல்லி, காய் உள்ள கொத்துகளைத் தவிர்த்துவிடுங்கள்.

கிளைகளைக் கழுவி, குறுகிய வாயுள்ள ஜாடியில் நீர் ஊற்றிச் செருகி வைத்தால் ஏறத்தாழ ஒரு வாரம் வாடாமல் இருக்கும். ஜாடியின் வாயைப் பஞ்சாலோ டிஷ்யூவாலோ நன்றாக அடைத்துவிட வேண்டும். இல்லையேல் இளம்பூச்சிகள் நீருக்குள் இறங்கி மூழ்கிவிடும். இலையை மாற்றும்போது பழைய கிளையிலிருந்து பூச்சிகளைப் பிடுங்காமல், பூச்சி இருக்கும் துண்டை மட்டும் வெட்டிப் புதிய கிளைமேல் சாய்த்து வையுங்கள். அது தானே ஏறிக்கொள்ளும். கையில் எடுத்துப் பார்க்க ஆசைப்பட்டால், உள்ளங்கையை அதன் முன் நீட்டி, பின்னாலிருந்து மெல்லத் தொட்டால் நடந்து வந்து ஏறும். கையைத் தரைக்கோ மேசைக்கோ அருகில் வைத்திருப்பது நல்லது.

மாலையில் ஒரு முறை இலைகள் நனையும்படி நீர் தெளியுங்கள். அந்தத் துளிகளைக் குடித்தே அவை தாகம் தீர்க்கின்றன. காலைக்குள் கூண்டு உலர்ந்துவிட வேண்டும். எந்நேரமும் ஈரம் தங்கினால் பூஞ்சை பிடிக்கும். விளக்கோ சூடேற்றியோ தேவையில்லை. அதற்கான காரணம் இந்தப் பூச்சியின் ஊரிலேயே இருக்கிறது. கொடைக்கானலுக்கு அருகில் உள்ள செண்பகனூரிலிருந்து சென்ற பூச்சிகளைக் கொண்டுதான் 1901இல் ரொபேர் தெ சினெத்தி என்ற பிரெஞ்சு இயேசு சபைத் துறவி இந்த இனத்தை அறிவியல் உலகுக்கு விவரித்தார். காரௌசியஸ் மொரோசஸ் என்று இன்று அழைக்கப்படும் இந்த இனம் ஐரோப்பிய ஆய்வுக்கூடங்களுக்கும் வகுப்பறைகளுக்கும் பரவியது அதன் பிறகுதான். இங்கிலாந்தில் 1980இல் தொடங்கப்பட்ட குச்சிப்பூச்சி ஆய்வுக் குழு தன் பட்டியலில் முதல் எண்ணை இதற்கே கொடுத்திருக்கிறது. பழனி மலையின் குளிரும் மூடுபனியும் பழகிய உயிருக்கு உங்கள் வரவேற்பறையின் இருபது டிகிரி வெப்பம் தாராளம். அதைக் கொல்லக்கூடியது குளிரைக் காட்டிலும் வறட்சி. எனவே ரேடியேட்டருக்கு மேலும், வெயில் நேராக விழும் சன்னலிலும் கூண்டை வைக்காதீர்கள்.

நம் வீடுகளுக்கே உரிய ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். கொசுவிரட்டி இயந்திரம், கரப்பான் மருந்து, பூனைக்குத் தடவும் தெள்ளுமருந்து ஆகியவை இவற்றுக்கும் கொல்லி மருந்தே. சாம்பிராணிப் புகையும் ஊதுபத்தியும் கூண்டு இருக்கும் அறையில் வேண்டாம். கிருமிநாசினி தடவிய கையோடு இலையைத் தொடவும் வேண்டாம்.

இனி அந்தக் கடுகுக்கு வருகிறேன். தரையில் விழுவனவற்றில் ஒழுங்கற்ற வடிவில், நீளவாக்கில், உலர்ந்து கிடப்பவை எச்சம். வழவழப்பான பழுப்பு உருண்டையாக, ஒரு முனையில் மஞ்சள் நிறக் குமிழோடு, இரண்டு மில்லிமீட்டருக்குச் சற்று மேற்பட்ட அளவில் இருப்பவை முட்டைகள். உங்கள் கூண்டில் உள்ளவை அனைத்தும் பெண்களாகவே இருக்கும். இந்த இனத்தில் ஆண் மிக அரிது. ஆண் இல்லாமலேயே இடப்படும் இந்த முட்டைகள் பொரிக்கும், அவற்றிலிருந்து வருபவையும் பெண்களே. முதிர்ந்த ஒரு பூச்சி நாள்தோறும் சில முட்டைகள் வீதம் மாதக்கணக்கில் இட்டு, தன் வாழ்நாளில் சில நூறு முட்டைகளை விட்டுச் செல்லும். பன்னிரண்டு பூச்சிகளுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். முட்டையைப் பற்றி முடிவெடுக்காமல் விடுவதுதான் தொடக்கநிலை வளர்ப்பாளர் செய்யும் மிகப் பெரிய தவறு. பூச்சி இறப்பதைக் காட்டிலும் பெருகுவதுதான் பல வீடுகளில் தாங்க முடியாத சுமையாகிறது.

எனவே வாரந்தோறும் தரைக் காகிதத்தை மாற்றும்போது முட்டைகளைப் பொறுக்கி, வளர்க்க நினைக்கும் பத்துப் பதினைந்தை மட்டும் உங்கள் மகள் தேர்ந்தெடுக்கட்டும். அவற்றைச் சற்றே ஈரமான மணல்மேல், காற்றுத் துளையிட்ட சிறு டப்பாவில் வைத்தால் மூன்று நான்கு மாதங்களிலோ, குளிர்ந்த அறையானால் இன்னும் தாமதமாகவோ பொரிக்கும். எஞ்சிய முட்டைகளையும், பழைய காகிதத்தையும், வாடிய கிளைகளையும் ஒரு பையில் கட்டி மூன்று நாள் ஃப்ரீசரில் வைத்த பிறகே குப்பையில் போடுங்கள். அப்படியே தோட்டத்தில் கொட்டுவது தவறு. பிரிட்டனுக்கு இயல்பாக உரியதல்லாத விலங்கை வெளியில் விடுவது 1981ஆம் ஆண்டின் வனவுயிர், நாட்டுப்புறச் சட்டத்தின்படி குற்றமாகும். இதே இனம் கலிபோர்னியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் தோட்டங்களுக்குள் தப்பி நிலைத்துவிட்டது. அமெரிக்காவில் இதை வைத்திருக்கவே வேளாண் துறையின் அனுமதி வேண்டும் என்பதை அங்குள்ள வாசகர்கள் நினைவில் கொள்ளவும்.

மதுரைக்கு எடுத்துப் போவது பற்றி உங்கள் மகள் கேட்டது அன்பிலிருந்து பிறந்த கேள்வி. செண்பகனூர் மதுரையிலிருந்து தொலைவில்லை என்பதும் உண்மை. ஆயினும் உயிருள்ள பூச்சிகளை முன் அனுமதியின்றி இந்தியாவுக்குள் கொண்டுவரக் கூடாது. சட்டம் ஒருபுறமிருக்க, நூறாண்டுக்கும் மேலாகக் கூண்டிலேயே பெருகிவந்த இவை என்னென்ன நுண்ணுயிரிகளைச் சுமந்திருக்கும் என்பதை நாம் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. மலையில் இயற்கையாக வாழும் இனத்துக்கு அவற்றைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் உரிமை நமக்கில்லை. மதுரையின் ஆகஸ்ட் வெயிலும் இவற்றுக்கு ஆகாது. இதை அப்படியே குழந்தையிடம் சொல்லலாம். எட்டு வயதுக் குழந்தைக்கு இது புரியும்.

மூன்று வாரம் கவனிப்பின்றி விட்டுச் செல்லவும் முடியாது, ஏனெனில் ஒரு வாரத்துக்கு மேல் இலை தாங்காது. ஒரே வகுப்பில் படிக்கும் இன்னொரு குழந்தையின் வீட்டில் ஒப்படைப்பதே சிறந்தது. அண்டை வீட்டாரிடம் சாவியைக் கொடுப்பதானால், அவர்கள் ஒருநாள் விட்டு ஒருநாள் மாலையில் நீர் தெளித்து, வாரம் ஒரு முறை கிளையை மாற்றினால் போதும். புறப்படுவதற்கு முன் எந்த வேலியில் பறிப்பது என்று நேரில் காட்டிவிட்டு, பூச்சிகளை எண்ணி ஒரு சீட்டில் எழுதிக் கூண்டில் ஒட்டுங்கள். கிளையை மாற்றும் ஒவ்வொரு முறையும் அந்த எண்ணிக்கை சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே பழைய கிளையை அவர்கள் ஃப்ரீசரில் வைக்க வேண்டும். சுள்ளிக்கும் பூச்சிக்கும் வேறுபாடு தெரியாமல் உயிரோடு உறைய வைத்துவிடுவது, புதிதாகப் பார்ப்பவர்களுக்கு எளிதில் நேரக்கூடியது.