சாய்ந்த வேப்பமரம் எத்தனை கிலோ?

மன்னார்குடிப் பக்கத்து வாசகர் ஒருவர் கேட்கிறார்: "மழையில் கொல்லை வேப்பமரம் வேரோடு சாய்ந்துவிட்டது. எட்டடி நீளத்தில் மூன்று துண்டு போட்டிருக்கிறோம். பட்டை நீக்கி நடுச்சுற்று சராசரி 48 அங்குலம். வியாபாரி கிலோவுக்கு விலை பேசிவிட்டு, அடுத்த மாதம் வந்து எடுக்கிறேன் என்கிறார். எவ்வளவு எடை வரும்? முக்கால் டன் ஏற்றும் வண்டி போதுமா?"

போதாது. கணக்கைப் பாருங்கள். மரவாடியில் சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 2304ஆல் வகுப்பார்கள். 48 × 48 × 8 ÷ 2304 = 8 கன அடி. ஆனால் இது கால்சுற்றுக் கணக்கு, அதாவது சுற்றளவில் கால் பங்கைச் சதுரத்தின் பக்கமாக வைத்துப் போடுவது. அறுக்கும்போது போகிற கழிவுக்கு முன்பே விட்டுக்கொடுத்த அளவு. தராசு அப்படித் தள்ளுபடி தராது. எடைக்கு 1.27ஆல் பெருக்க வேண்டும்: துண்டுக்கு 10.2 கன அடி.

ஒரு கன அடித் தண்ணீர் 28 கிலோ. புதிதாக வெட்டிய கெட்டி மரமும் தோராயமாக அதே எடைதான். ஆக துண்டுக்கு 285, மூன்றுக்கும் 855 கிலோ. நன்றாகக் காய்ந்த வேம்பு கன அடிக்கு 20 கிலோ சுமார். மொத்தம் 610 வரும். வித்தியாசம் முழுக்கத் தண்ணீர். வைரம் (உள்ளே இருக்கும் கெட்டி மரம்) எவ்வளவு, வெளிறு (வெளிப்பக்கத்து இளமரம்) எவ்வளவு என்பதைப் பொறுத்து இரண்டு எண்ணும் கொஞ்சம் ஏறி இறங்கும்.

வியாபாரி ஏன் தள்ளிப்போடுகிறார் என்பது இப்போது புரியும். இவ்வளவு பருத்த மரம் ஒரு மாதத்தில் காய்ந்துவிடாதுதான். ஆனால் ஈரம் 30 சதவீதத்துக்கு இறங்கும்வரை மரம் சுருங்காது. பார்வைக்கு அப்படியே கிடக்கும், எடை மட்டும் சத்தமில்லாமல் குறையும்.

ஈரத்தை நீங்களே பார்க்கலாம். முனை சீக்கிரம் காய்ந்துவிடும், அதனால் ஓரடி உள்ளே தள்ளி ஒரு சில்லு அறுத்து உடனே நிறுங்கள். பிறகு மின் அடுப்பில் (ஓவன்) 103 டிகிரி செல்சியஸில் எடை இறங்குவது நிற்கும்வரை வையுங்கள். 480 கிராம் 300 ஆனால் போன தண்ணீர் 180. அதைக் காய்ந்த எடையான 300ஆல்தான் வகுக்க வேண்டும்: 60 சதவீதம். 480ஆல் வகுத்து 37.5 என்று சொல்லிப் பேரம் பேசுகிறவர்களும் உண்டு!

கிலோ பேச்சு என்றால் இந்த வாரமே எடைமேடையில் ஏற்றி ரசீது வாங்குங்கள். அடுத்த மாதம்தான் என்றால், கன அடிக்கு விலை பேசச் சொல்லுங்கள். வண்டியில் ஒரு நடைக்கு இரண்டு துண்டு, அவ்வளவுதான்.